கடைசியாக வைத்த சூடு

சைலஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அப்புறம் காது. அதற்கும் அப்புறம்... எதிரில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுவது நல்லது.

அன்றைக்கு எதிரில் யாரும் இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு கைபேசி, ஆறிப்போன இஞ்சி டீ, சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி இன்சோல். ஷூவுக்குள்ளே பாதத்துக்கு அடியில் வைக்கிற மெத்தைதான். ஆனால் இது சும்மா மெத்தை இல்லை. உள்ளே பேட்டரி உண்டு. போனில் பட்டனைத் தொட்டால் கால் கதகதப்பாகும். தொட்டுத் தொட்டு அவள் விரல்தான் சூடாகியிருந்தது. இன்சோல் மட்டும் ஐஸ் மாதிரி கிடந்தது.

வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மலை எங்கே போனதென்றே தெரியவில்லை, முழுக்க மேகம். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஜோதியம்மாள் டீக்கடையில், கரண்ட் போனாலும் நெட் போகாது. அதனால்தான் மடிக்கணினியும் கையுமாக அலைகிற ஜனங்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். வேங்கிக்கால் வீட்டில் காலையிலிருந்து நெட் இல்லாததால் சைலஜாவும் வந்திருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு. நடக்கிறவர்களுக்கான ஆப் செய்கிற கம்பெனி அது. எத்தனை அடி, எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆப், இனிமேல் இந்த இன்சோலையும் இயக்க வேண்டுமாம். திங்கட்கிழமை வெளியிட்டாக வேண்டும். இன்சோலோடு பேசுகிற நிரலை ஏற்கெனவே எவனோ ஒருத்தன் எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டிருந்தான். லைப்ரரி என்பார்கள் இந்தத் தொழிலில். எடுத்து ஆப்பில் சேர்ப்பதுதான் இவள் வேலை.

அந்த எவனோ ஒருத்தன் மீதுதான் அத்தனை கோபமும்.

பெயரைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. 'நெருப்புக்கோழி' என்று போட்டிருந்தான். போன வாரம் அவனுக்கு மரியாதையாகத்தான் எழுதிக் கேட்டாள். 'போன் தொடர்பு அறுந்துபோனால் இன்சோல் தானாக அணைய வேண்டாமா? இப்போது அது பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கிறதே, இது தப்பில்லையா?' பதில் வந்தது. 'தப்பில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நன்றி.' அவள் விடவில்லை. காரணத்தோடு நீளமாக இன்னொன்று எழுதினாள். 'மாற்ற மாட்டேன். நன்றி.'

நன்றியாம் நன்றி! அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தூக்கத்தையே கெடுத்தது.

"உன்ன எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்று இன்சோலைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், போனில் சூட்டை ஒரே இழுப்பாக உச்சத்துக்கு ஏற்றினாள். இன்சோலைத் தொட்டுப் பார்த்தாள்... குளிர். மறுபடி உச்சம். மறுபடி குளிர். சனியனே! இன்னும் ஒரு தடவை...

"ஐயோ! அம்மா... கால்!"

மூலை மேசையில் ஒருத்தன் எகிறிக் குதித்தான். ஒற்றைக் காலில் நொண்டியபடியே ஷூவைப் பிடுங்கினான், தடுமாறி நேராக அவள் மேசைமேல் வந்து விழுந்தான். டம்ளர் கவிழ்ந்தது. இஞ்சி டீ அவள் சுடிதார் மேலே.

"கண்ணு தெரியல உங்களுக்கு?"

"காலே வேகுதுங்க! கண்ணு எங்க தெரியும்?"

நிமிர்ந்தான். கலைந்த முடி... புருவத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மழைத்துளி... வலியில் நீர் கோத்துக்கொண்ட பெரிய கண்கள். அந்த வலியிலும் கண்ணோரத்தில் ஒரு சிரிப்பு. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவன் யாரையும் ஒழுங்காகத் திட்டவே முடியாதே என்று ஒரு நொடி தோன்றியது. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் இரண்டு ஷூவிலிருந்தும் மெத்தைகளை உருவி அவள் மேசையில் வீசினான். சாம்பல் நிறம். அதே இன்சோல்! சைலஜா தன் போனைப் பார்த்தாள். 'இணைந்தது. சூடு: உச்சம்.' அவசரமாக அணைத்தாள்.

புரிந்துவிட்டது. இவள் ஏற்றியதெல்லாம் அவன் காலில் ஏறியிருக்கிறது.

"நீங்களா ஏத்துனீங்க?" என்றான் அவன்.

"நான் என்னோடதத்தாங்க ஏத்துனேன்! இந்த லைப்ரரிய எழுதின தடிமாடு, பக்கத்துல எது ஜாஸ்தி சிக்னல் குடுக்குதோ அதோட போய் ஒட்டிக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கான். யாரு காலு, என்னான்னு கேக்கவே வேணாமா? அவன் கால இப்படி வேக வெச்சாத்தான் அவனுக்குப் புத்தி வரும்!"

அவன் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். சிவந்து, நடுவில் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது.

"வெந்துடுச்சுங்க."

"என்னது?"

"அவன் கால்தான். வெந்துடுச்சு." ஒரு பெருமூச்சு விட்டான். "நான்தான் அந்த நெருப்புக்கோழி."

சைலஜாவுக்கு வாய் திறந்தது, மூடவில்லை. இரண்டு தெரு தள்ளி வாடகை ரூமில்தான் இருக்கிறானாம். பெயர் இளஞ்செழியன், சொந்த ஊர் செங்கம். கல்லாப்பெட்டியிலிருந்து ஜோதியம்மாள்தான் இதையெல்லாம் சொன்னாள். "தெனம் வர்ற தம்பிமா, நல்ல தம்பி..."

"நல்ல தம்பியா?" சைலஜாவின் காது சிவந்துவிட்டது. "நான் அவ்ளோ நீளமா எழுதினேன், படிச்சீங்களா நீங்க?"

"படிச்சேன். பக்கத்துல இருக்கறதோட ஒட்டிக்கறது தப்புதான், ஒத்துக்கறேன். இன்னிக்கே மாத்தறேன். ஆனா தொடர்பு அறுந்தா அணையணும்னு கேட்டீங்களே, அத மட்டும் மாத்த மாட்டேன். இது குளுருக்குப் போடறதுங்க. தெரிஞ்ச போனப் பாத்து முழிச்சதும் கடைசியா வெச்ச சூட்டுக்கே போயிடணும், போன் செத்தாலும் சூடு நிக்கக்கூடாது. பனியில வெரல் மரத்துப் போனவன் பட்டனத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

"திருவண்ணாமலையில ஏதுங்க பனி?"

"உலகத்துல திருவண்ணாமலை மட்டுமா இருக்கு?"

"காலு மரத்துப் போனவங்க போட்டா? சுடறதே தெரியாதவங்க போட்டா?"

"அவங்க போடக்கூடாது. அட்டையிலயே எழுதியிருக்கு."

"அட்டையப் படிச்சிட்டுத்தான் போடுவாங்களா எல்லாரும்? அப்படியென்ன வீம்பு உங்களுக்கு? ஏன் மாத்த மாட்டீங்க?"

அந்தக் கண்ணோரச் சிரிப்பு பட்டென்று அணைந்தது. "அதச் சொல்லணும்னு எனக்கு அவசியம் இல்லைங்க."

"நன்றி சொல்ல மறந்துட்டீங்க!"

"நன்றி."

அவ்வளவுதான்! மடிக்கணினியை மூடினாள். மேசைமேல் கைக்கு அகப்பட்ட ஜோடியை அள்ளிப் பையில் போட்டாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டினாள். அள்ளியது யாருடைய ஜோடி என்று பார்க்கிற நிதானம் அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கோபம் காத்திருந்தது.

அவள் அப்பா சக்கரபாணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலூர், திருவண்ணாமலை ரூட்டில் வாழ்க்கை முழுக்க நின்றுகொண்டே போனவர். சர்க்கரை நோய் வந்து பாதம் இரண்டும் மரத்துவிட்டது. ஆனாலும் பௌர்ணமி தவறாமல் கிரிவலம். போன சித்திரையில் ராத்திரிக் கூட்டத்துக்குப் பயந்து மத்தியானமே கிளம்பிப் போனார், வெறுங்காலோடு. அண்ணாமலையாரைச் செருப்பு போட்டுக்கொண்டா சுற்றுவார்கள்? தார் ரோடு கொதித்தது. அவருக்குத் தெரியவில்லை. முழுச் சுற்றும் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது தரையெல்லாம் ரத்தம். "யாருக்குமா அடிபட்டுச்சு?" என்று அவரே கேட்டார். வலது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத் துடைத்த தரை இன்னும் சைலஜா கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை.

"அந்த மெத்தைய எனக்குக் குடேன்மா," என்றார் சக்கரபாணி. "காலு சில்லுனு கெடக்குது. ஊருல இருக்கிறவனுக்கெல்லாம் செஞ்சு குடுக்குற, பெத்த அப்பனுக்கு இல்லியா?"

"உனக்குத்தாம்பா முக்கியமா ஆகாது. சுட்டா உனக்குத் தெரியுமா?"

"என் காலப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ இன்னாமா என்னிய சொல்றது?"

"தெரிஞ்ச லட்சணம்தான் பாத்தமே!"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். சமாதானம் பண்ண அம்மாவும் இல்லை, போளூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து மேலதிகாரி நந்தினியின் போன். "அந்த லைப்ரரி ஊருக்கே ஒத்து வருது, உனக்கு மட்டும் என்ன சைலு? திங்கக்கிழமை வரணும். நீ சேக்கலன்னா வேற யாராவது சேப்பாங்க."

சேர்ப்பார்கள். அந்த ஆப்பை வைத்துக்கொண்டு நடக்கிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காக நடக்கிறவர்கள். எத்தனை சக்கரபாணிகள்... நினைக்க நினைக்க அந்த நெருப்புக்கோழியின் கழுத்தைத் திருக வேண்டும்போல இருந்தது. பையிலிருந்து இன்சோலை எடுத்து ஹால் மேசையில் டொப்பென்று போட்டுவிட்டு ரூமுக்குப் போனாள். அப்போதும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. மழை தூறலாகியிருந்தது. வாசல் கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால்... அவனேதான். ஹவாய் செருப்பும் கையில் ஒரு துணிப்பையுமாக, தூறலில் நனைந்துகொண்டு நின்றான்.

"உங்களுக்கு வீடு யாரு சொன்னது?"

"ஜோதியம்மாதான். கண்டக்டர் சார் வீடுன்னா வேங்கிக்கால்ல யாரு வேணா காட்டுவாங்கன்னாங்க." பையை நீட்டினான். "இது உங்க ஜோடி. நேத்து நீங்க எடுத்துட்டு வந்தது என்னோடது. குடுத்தீங்கன்னா போயிடுவேன்."

மன்னிப்பு கேட்க வந்திருக்கிறான் என்று ஒரு நொடி நினைத்தாளே... அந்த நினைப்புக்கே ஒரு அறை விட வேண்டும்!

"இதுக்காகவா வந்தீங்க? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லத் துப்பில்ல!"

"பதில் சொல்லிட்டேங்க."

"'நன்றி'ங்கறது பதிலா?"

"நீங்க எழுதுனது மட்டும் கேள்வியா? பக்கம் பக்கமா திட்டு! 'மனுசனா நீ'ன்னு ஒரு வரி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு! இப்பவும் கேக்கறேன்!"

கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது, நெற்றியில் விழுந்த ஈர முடியை அவள் கை தானாகவே ஒதுக்கிவிடப் பார்த்தது... கையைக் கட்டிக்கொண்டாள்.

"சரிங்க, வேணாம். அந்த ஜோடிய நீங்களே வெச்சுக்கங்க!" என்று திரும்பியவன், மணி பார்க்கப் போனை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்னோட இன்சோல் எங்க இருக்கு?"

"ஹால்ல, மேசை மேல."

"இல்லைங்க... இதுல பாருங்க. நான் கேட்டுகிட்ட வந்ததுமே என் போன்ல சேந்துடுச்சு. சூடு உச்சத்துல இருக்கு. மேல கால் இருக்குன்னு காட்டுது." அவன் குரல் உடைந்தது. "யாரோ போட்டிருக்காங்க..."

சைலஜா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா!"

அவள் கத்தி முடிப்பதற்குள் அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியிருந்தான். ஓடிக்கொண்டே போனில் சூட்டை நிறுத்தினான். ஹாலில் சக்கரபாணி, வாக்கிங் போகிற கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தான். கயிற்றை அவிழ்க்க நேரமில்லை, ஷூவை அப்படியே பிடுங்கினான்.

"ஏய்! யாருப்பா நீ? காலப் புடிக்கிற?"

"தப்பு பண்ணவன் சார்."

இரண்டு பாதமும் செக்கச்செவேலென்று இருந்தன. நல்லவேளை... கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை. அவரைக் கைத்தாங்கலாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், குழாயடியில் உட்கார வைத்து, பாதத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டான். நனைந்த பேண்ட், நனைந்த சட்டை, எதையும் கவனிக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சுண்டுவிரல் இல்லாத இடத்தைப் பார்த்தான். மெல்ல நிமிர்ந்து சைலஜாவைப் பார்த்தான். அந்தக் கண்களைப் பார்க்க அவளால் முடியவில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரில்லமா," என்றார் சக்கரபாணி, சின்னக் குரலில். "மேசை மேல கெடந்துச்சு. என் சைசா இருக்குதேன்னு போட்டுக்கினேன். நீ எனக்குன்னுதான் வாங்கியாந்துட்டு சும்மா கோவிச்சிக்கிறன்னு நெனச்சேன்..."

அவள் வெடித்தாள், அப்பாவிடம் அல்ல.

"பாத்தீங்களா? தப்பில்ல, தப்பில்லன்னீங்களே, பாத்தீங்களா? நீங்க போனையே பாக்காம கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? தொடர்பு அறுந்திருக்கும், சூடு அறுந்திருக்காது! எங்கப்பா அந்தக் காலோட எழுந்து வாக்கிங் போயிருப்பாரு! வெளிய போங்க... மொதல்ல வெளிய போங்க நீங்க!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதடு அசைந்தது. அவள் முகத்தைப் பார்த்தான், நிறுத்திக்கொண்டான். "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தான்.

டாக்டரிடம் காட்டினார்கள். "நேரத்துல கழட்டிட்டீங்க, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று அவர் முடிக்கவே இல்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது சக்கரபாணி கேட்டார்.

"அந்தப் பையன் ஏம்மா நொண்டிக்கினு போனான்?"

நேற்று பார்த்த அந்தக் கொப்புளம்... அவள் விரல் ஏற்றிய சூடு. விழித்ததும் கடைசியாக வைத்த சூட்டுக்கே போய்விடும் என்றானே. கடைசியாக வைத்தது யார்? நேற்று கடையில் கோபத்தோடு உச்சத்துக்கு இழுத்தது யார்? அப்போதே அணைத்துவிட்டாளே தவிர, அந்த உச்சம் இன்சோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அவன் போன் கேட்டருகே வந்ததும் விழித்துக்கொண்டது. அதைப் பார்க்காமல் அள்ளி வந்து மேசையில் போட்டதும் அவள்தான்.

அப்பாவின் காலைச் சுட்டது அவள் வைத்த சூடு. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாயெடுத்தானே... சொல்லவில்லையே!

"நொண்டிக்கினே எப்டி ஓடி வந்தான் பாத்தியா?" என்றார் சக்கரபாணி. "நீதான் அவன வெளிய போன்னுட்ட."

"அப்பா, கொஞ்சம் சும்மா இரு!"

மருந்துக்கடையில் அதே களிம்பில் இன்னொன்று வாங்கினாள். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, அதே ஆட்டோவில் ஜோதியம்மாள் கடைக்குப் போனாள். மூலை மேசையில் உட்கார்ந்திருந்தான். காலை எதிர் நாற்காலியில் நீட்டி, மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். களிம்பை அவன் முன்னால் டொப்பென்று வைத்தாள்.

"மருந்து போட்டீங்களா இல்லியா?"

அவன் திகைத்துப்போய்த் தலையாட்டினான், இல்லையென்று.

"அறிவிருக்கா? செப்டிக் ஆனா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் சொல்லல? அது நான் வெச்ச சூடுன்னு ஏன் சொல்லல நீங்க?"

"நீங்க ஏற்கெனவே அழுதுட்டிருந்தீங்க."

"நான் அழல!"

"சரிங்க. அழல."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அதன் சத்தம்... அவன் களிம்பின் மூடியைத் திருகினான். அப்புறம் அவனாகவே சொன்னான், மடிக்கணினியைப் பார்த்தபடி.

"எங்கண்ணன் மிலிட்டரில இருக்கான். பனி மலையில போஸ்டிங். சொந்தக் காசு போட்டு ஏதோ ஒரு கம்பெனியோட சூடு இன்சோல் வாங்கினான். ரோந்து போறப்ப குளுருல போன் செத்துடுச்சு. போன் செத்ததும் அதுவும் நின்னுடுச்சு. அப்படித்தான் எழுதி வெச்சிருந்தான், அத எழுதினவன். தொடர்பு அறுந்தா சூடு சைபர்னு. விடியறதுக்குள்ள விரலெல்லாம் கருத்துப்போச்சு... வெட்டி எடுத்துட்டாங்க." நிமிர்ந்தான். "நீங்க என்ன கேட்டீங்களோ, அதேதாங்க எங்கண்ணன் கால் வெரல எடுத்துச்சு. அதான் படிக்கப் படிக்க ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு எனக்கு."

ஒருத்தருக்குக் குளிர், ஒருத்தருக்குச் சூடு. போனது என்னவோ கால் விரல்தான், இரண்டு வீட்டிலும்.

"இத அப்பவே எழுதித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள். குரல் கரகரத்தது.

"நீங்களும்தான் அப்பாவப் பத்தி எழுதல. 'மனுசனா நீ'ன்னு எழுதினீங்க." கண்ணோரத்தில் அந்தச் சிரிப்பு லேசாகத் திரும்பி வந்தது. "இப்ப மாத்திக்கிட்டிருக்கேன். தொடர்பு அறுந்தா சைபர். உங்கப்பா கால என் மடியில வெச்சிருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"கூடாது!"

"என்னங்க?"

"சைபர் கூடாது! அப்ப உங்கண்ணன் மாதிரி இருக்கறவங்க?"

"நீங்கதான கேட்டீங்க!"

"நான் கேட்டா அப்படியே செஞ்சுடுவீங்களா? சொந்த புத்தி வேணாமா?" மேசையைத் தட்டினாள். "கொழந்தைய குளிப்பாட்ட தண்ணி வெளாவறாங்களே, கொதிக்கற தண்ணியவா ஊத்தறாங்க? இல்ல பச்சத்தண்ணியவா? கைய விட்டுப் பாத்துட்டு, சுடவும் கூடாது, சில்லுனும் இருக்கக்கூடாதுன்னு ஒரு பதத்துல வெளாவறாங்கல்ல? அந்தப் பதத்துக்கு எறங்கி அங்கியே நிக்கட்டும். அறுந்தாலும் அதான், முழிச்சாலும் அதான். காலு மரத்தவங்களுக்கு அதுக்கு மேல ஏறவே கூடாது, நான் ஆப்புல மொதல்லயே கேட்டு மேல பூட்டு போட்டுடறேன்."

அவன் அவளையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன?"

"இல்ல... இவ்ளோ கோவத்துல ஒருத்தருக்கு இவ்ளோ நல்ல யோசனை வருமான்னு பாத்தேன்."

மூக்கு நுனி சிவந்தது அவளுக்கு. வழக்கமான சிவப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு மாலை வரைக்கும், மறுநாள் ஞாயிறு முழுக்கவும் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதைவிடச் சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. அந்தப் பதம் எத்தனை டிகிரி என்று ஒரு சண்டை. அறுந்ததும் உடனே இறங்கணுமா, மெதுவாக இறங்கணுமா என்று இன்னொன்று. இன்சோலில் இருக்கும் பட்டனைக் காலுக்குச் சொந்தக்காரர் அழுத்தினால்தான் புதுப் போனோடு சேரும் என்றும் மாற்றினார்கள். நந்தினி போன் பண்ணியபோது, "திங்கக்கிழமை வரும், ஆனா நான் சொல்ற மாதிரிதான் வரும்" என்று சைலஜா கத்திய கத்தலில், நந்தினியே போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு மாலை கடைசிச் சோதனை. போன் நிஜமாகவே தூரம் போக வேண்டும், அதனால் வேங்கிக்கால் தெருவையே எடுத்துக்கொண்டார்கள். சக்கரபாணி வாசலில் நாற்காலி போட்டு, டாக்டர் சொன்ன மெத்துமெத்துச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கையில் பழைய கண்டக்டர் விசில். "நம்ம காலு விசயம். நாம இல்லாம எப்டி?" என்றார்.

சைலஜா கேட்டருகே நின்று இன்சோலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் சூட்டை உச்சத்துக்கு ஏற்றினான்.

"ரொம்ப சுட்டா கீழ போட்டுடுங்க," என்றான். "நம்மால தாங்க முடியாது."

"எனக்குத் தெரியும். போங்க."

தூறலில் நொண்டி நொண்டி நடந்தான். பால்பூத்தைத் தாண்டினான். பிள்ளையார் கோயிலையும் தாண்டினான். உள்ளங்கை எரிந்தது, அவள் போடவில்லை. தெருமுனைக்கே போய்த் திரும்பி நின்று போனை உயர்த்திக் காட்டினான்.

"அறுந்துடுச்சு! எப்படி இருக்கு?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எரிச்சல் மெல்ல... மெல்ல... இறங்கியது.

"கொறையுது!"

"நின்னுடுச்சா?"

இல்லை. நிற்கவில்லை. இதமான ஒரு சூடு கைக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்பாவின் சிவந்த பாதம் ஞாபகம் வந்தது, பார்த்தே இராத ஒரு அண்ணனின் கால் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"நிக்கல! வெளாவின பதம்! சரியா இருக்கு!"

அவன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். கொப்புளக் காலில் குதித்து "ஐயோ" என்றான். ஆனால் திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றான்.

"ஏன் அங்கியே நிக்கறீங்க?"

"ஒண்ணு சொல்லணும்! கிட்ட வந்து சொன்னா கோவிச்சுக்குவீங்க!"

"தூரத்துல இருந்து சொன்னாலும் கோவிச்சுக்குவேன்! சொல்லுங்க!"

"உங்களப் புடிச்சிருக்கு!" முழுத் தெருவுக்கும் கேட்டது. "அந்தக் கோவத்தோடயே புடிச்சிருக்கு! கோவம் போயிடுமோன்னுதான் பயமா இருக்கு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். சைலஜாவுக்கு மூக்கு, காது, கன்னம் எல்லாமே சிவந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்க்க தைரியமில்லை.

"மானத்த வாங்கறீங்களே! இத இப்படித்தான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாங்களா? கிட்ட வந்து சொல்லுங்க!"

"வந்தா?"

"வந்தா... நானும் சொல்லுவேன்!"

அவன் அசையவில்லை. நாற்காலியில் இருந்தவரைத்தான் பயத்தோடு பார்த்தான். சக்கரபாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளை ஒரு பார்வை, தெருமுனையை ஒரு பார்வை. அப்புறம் விசிலை வாயில் வைத்தார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

அவர் இரண்டு விசில் அடித்தார்.

"ரைட்! வா, வா!"

அவன் வந்தான். நொண்டிக்கொண்டு, நனைந்துகொண்டு, சிரித்துக்கொண்டு. கிட்ட வர வர, அவள் உள்ளங்கையில் இன்சோல் தெரிந்த போனைக் கண்டு விழித்துக்கொண்டது. உச்சத்துக்குப் போகவில்லை. அதே இதமான சூட்டில் நின்றது. புருவத்தில் மழைத்துளியோடு அந்தக் கண்கள் இப்போது ரொம்பப் பக்கத்தில்.

"எனக்கும்தான் புடிச்சிருக்கு, போதுமா?" என்றாள் சைலஜா, கோபமாக.

"நன்றி," என்றான் இளஞ்செழியன்.

கையிலிருந்த இன்சோலாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள்.